நகரத்தின் அலைவரிசை, சிற்றூரின் செவி: மைசூர் முதல் குண்டலுபேட்டை வரை ஒரு வானொலி வரலாறு

மைசூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் குண்டலுபேட்டையை அடைந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலைக் காடுகளை ஊடுருவி உதகைக்கும், மற்றொன்று வயநாட்டின் சுல்தான் பத்தேரிக்கும் செல்கின்றன. கன்னடமும் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் இவ்வூரின் மக்கள்தொகை ஒரு லட்சத்திற்கும் வெகு குறைவு. தனியார் பண்பலை வானொலியின் உரிம வரைபடத்தில் இந்த எண்ணிக்கையே ஊரின் தகுதியை முடிவு செய்கிறது. அந்த வரைபடத்தில் குண்டலுபேட்டைக்கு இடமில்லை. வணிக வானொலி யாரை நோக்கிப் பேசுகிறது என்ற வினாவிற்கு இவ்வூர் நல்லதொரு நோக்குமுனை.

இதே சீமையில்தான் 1935 இல் வேறொரு வகையான வானொலி தோன்றியது. மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி, தம் இல்லத்தில் 30 வாட் ஆற்றல் கொண்ட சிறு ஒலிபரப்பியை நிறுவி நிகழ்ச்சிகளை வழங்கத் தொடங்கினார். பின்னர் 250 வாட் கருவி வந்தது. பிற்காலத்தில் இந்திய வானொலி முழுமைக்கும் உரியதாகிவிட்ட ‘ஆகாசவாணி’ என்ற பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது இந்த நிலையத்தோடுதான். தனியொருவர் தம் பொருளைச் செலவிட்டு நடத்திய இம்முயற்சியை 1942 இல் மைசூர் சமஸ்தான அரசு ஏற்றுக்கொண்டது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் நிலையம் அகில இந்திய வானொலியின் பகுதியாயிற்று. 1955 இல் அதன் பணி பெங்களூருக்கு மாறியது.

கோபாலசாமிக்கு முன்பே வணிக வானொலி இந்தியாவில் ஒருமுறை தோற்றிருந்தது. 1927 ஜூலையில் பம்பாயிலும் அடுத்த மாதம் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்குச் செலுத்திய 10 ரூபாய் உரிமத்தொகையின் பங்கை நம்பியிருந்தது. உரிமம் பெற்றோர் தொகை பத்தாயிரத்தைக்கூட எட்டாத நிலையில், 1930 மார்ச்சில் கம்பெனி கலைக்கப்பட்டது. நேயரிடமிருந்து நேரடியாகப் பணம் பெற்று வானொலி நடத்த இயலாது என்பதே அன்று கிடைத்த பாடம். அடுத்த மாதமே அரசு அப்பொறுப்பை ஏற்றது. அதன் ஏகபோகம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது.

அந்த ஏகபோகத்தினுள்ளும் விளம்பரம் புகாமல் இல்லை. 1950களில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பின் பக்கம் சாய்ந்தனர். அதற்கு எதிர்வினையாக 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி பிறந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1967 நவம்பரில், அதில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. 1993 இல் பண்பலை நேரத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் முறை வந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகத்தையும் தனியாரின் ஏகபோகத்தையும் ஒருங்கே மறுத்த தீர்ப்பு அது. ஆனால் நடைமுறையில் அத்தீர்ப்பைத் தொடர்ந்து வந்தது ஏலம்.

முதற்கட்ட ஏலத்தில் 40 நகரங்களுக்கான 108 அலைவரிசைகள் முன்வைக்கப்பட்டன. ஆண்டு உரிமக் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் 15 விழுக்காடு உயரும் என்பது விதி. அதாவது, ஐந்தே ஆண்டுகளில் கட்டணம் இருமடங்காகும். மும்பையில் ஏலத்தொகை 9.75 கோடி ரூபாயை எட்டியது. பத்தாம் ஆண்டில் அது 34 கோடியைத் தாண்டியிருக்கும். வருவாய் அதே வேகத்தில் வளராது என்பதை உணர்ந்த பலர் விலகினர். இறுதியில் 12 நகரங்களில் 21 நிலையங்களே இயங்கின. அவற்றுள் முதலாவது, 2001 ஜூலை 3 அன்று பெங்களூரில் ஒலிக்கத் தொடங்கிய ரேடியோ சிட்டி. பெங்களூரில் தொடங்கிய அந்நிலையம் முதலில் இந்தி, ஆங்கிலப் பாடல்களுக்கே முதன்மை தந்தது. விளம்பரதாரர் தேடிய நேயர் யார் என்பதை இத்தேர்வு சொல்லும்.

2005 இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை இக்கணக்கை மாற்றியது. ஒருமுறை நுழைவுக் கட்டணமும், அதன்பின் மொத்த வருவாயில் 4 விழுக்காடு அளவிலான பங்கும் நடைமுறைக்கு வந்தன. தனியார் வானொலி பரவியதற்கு இம்மாற்றமே அடிப்படை. 2010 இல் பதிப்புரிமை வாரியம் பாடல்களுக்கான உரிமைத்தொகையை நிகர விளம்பர வருவாயில் 2 விழுக்காடாக நிர்ணயித்ததும் நிலையங்களின் சுமையைக் குறைத்தது.

இத்தகைய நிலையத்தின் ஒரு நாள், மணிக்கணக்கால் ஆளப்படுவது. ஒவ்வொரு மணி நேரமும் பாடல், அறிவிப்பாளர் பேச்சு, நிலைய அடையாள ஒலி, விளம்பர இடைவெளி எனக் கூறுபோடப்படுகிறது. எந்தப் பாடல் எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை திரும்ப வரவேண்டும் என்பதை மென்பொருள் வரிசைப்படுத்தும். விளம்பரம் பத்து வினாடி அலகுகளில் விற்கப்படும். அலுவலகம் செல்வோர் சாலையில் இருக்கும் காலையும் மாலையும் விலை மிகுந்த நேரங்கள். செய்தி தயாரித்து ஒலிபரப்பத் தனியார் நிலையங்களுக்கு உரிமை இல்லை. 2011 ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறுஒலிபரப்ப மட்டுமே இடமளித்தது. ஆகவே ஊரில் நடப்பதைச் சொல்ல முடியாத நகர வானொலி, நகைச்சுவையையும் போக்குவரத்து நெரிசலையும் திரைப்படத்தையும் பேசியே ‘உள்ளூர்’ என்ற தோற்றத்தை உருவாக்க வேண்டியதாயிற்று. அதே கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்களை நாடு முழுவதும் இணைத்து ஒரே நிகழ்ச்சியை வழங்கவும் அனுமதித்தது. செலவு குறைந்தது, அத்தோற்றமும் மெலிந்தது.

உரிம வகைப்பாடும் இதே தர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட ஊர்கள் ‘சி’ வகை. 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை ‘டி’ வகை. அதற்குக் கீழ் உள்ளவற்றில் சம்மு காசுமீர், வடகிழக்கு எல்லைப் பகுதி ஊர்கள் சிலவற்றுக்கே மூன்றாம் கட்டத்தில் விலக்கு கிடைத்தது. பெருநகரம் பேராற்றலும் சிறுநகரம் சிற்றாற்றலும் பெறுகின்றன. பண்பலை பார்வைக்கோட்டில் பயணிப்பது. மேடும் காடும் அதை மறைக்கும். பந்திப்பூரை நெருங்கும் வண்டியில் மைசூரின் ஒலி தேய்வதற்கு நிலவியலும் கொள்கையும் சேர்ந்தே காரணமாகின்றன. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை மேலும் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட ஒப்புதல் அளித்தது. பட்டியல் நீண்டாலும் அளவுகோல் அதே சந்தைதான்.

சந்தைக்கு வெளியே மற்றொரு வழி உண்டு. 2006 இல் திருத்தப்பட்ட கொள்கையின்படி தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்தலாம். வீச்சாற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படாது. குண்டலுபேட்டைக்கு அண்டையிலுள்ள ஹெக்கடதேவன்கோட்டைப் பகுதியில், சரகூரிலிருந்து சுவாமி விவேகானந்த இளைஞர் இயக்கம் நடத்தும் ‘ஜனத்வனி’ இவ்வகையினது. 1935 இல் மைசூர்ப் பேராசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து 30 வாட்டில் எழுந்த குரலுக்கும் சரகூரின் சிறு நிலையத்துக்கும் உள்ள உறவு, பெருநகர வணிக வானொலிக்கும் அதற்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. இரண்டிலும் ஊரே தொடக்கப்புள்ளி, விளம்பரதாரர் அல்லர்.

இந்திய வானொலி வரலாறு பெரும்பாலும் அரசு ஏகபோகத்திலிருந்து தனியார் விடுதலை நோக்கிய பயணமாகவே எழுதப்படுகிறது. குண்டலுபேட்டையிலிருந்து பார்த்தால் அந்தக் கதை முழுமையற்றது. அரசு வானொலி தொலைவிலிருந்தாவது இவ்வூரைக் குடிமக்களின் ஊராக எண்ணியது. வணிக வானொலியோ இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. அலைக்கற்றை பொதுச்சொத்து என்ற 1995 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சொற்களை உரிமப் பட்டியலுக்கு அருகில் வைத்துப் படிப்பது, ஊடக வரலாறு பயிலும் மாணவருக்கு நல்ல தொடக்கமாக அமையும்.