பலராட்டின் ஹோட்டலும் மலையகத்துத் தவறணையும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தங்கவயல் ஊர்களில், "எங்கள் பூட்டனார் ஹோட்டல் நடத்தினார்" என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மேலே படுக்கையறை, கீழே குடிக்கும் இடம், உரிமம் கணவன் பெயரில், அடுப்படி மனைவி பொறுப்பில் என்று நடந்த சிறு விடுதிகள் அவை. இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அப்படிச் சொல்லக்கூடிய தோட்டக் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் ஒரே பிரித்தானிய ஆட்சியின் கீழ், கடல் கடந்து வந்தவர்களின் உழைப்பில் எழுந்த இடங்கள்தாம். இருந்தும் குடும்ப விடுதி ஒன்றில் தழைத்தது, மற்றதில் தழைக்கவில்லை. குளிரோ தூரமோ இதற்குக் காரணமில்லை. உழைத்தவன் கையில் காசும் காலடியில் நிலமும் இருந்தனவா என்பதில்தான் வேறுபாடு.

பலராட்டில் 1851 ஆகஸ்டில் தங்கம் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1853இல், தாமஸ் பாத் என்பவர் அந்த வயலின் முதல் உரிமம் பெற்ற ஹோட்டலைத் திறந்துவிட்டார். தோண்டுகிறவன் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும். அது கொடுமையான வரி. ஆனால் குழியில் அகப்பட்டது அவனுக்கே சொந்தம். அகப்பட்ட அன்றே செலவழிக்க அவனால் முடிந்தது. அந்தக் காசை நம்பித்தான் விடுதிகள் முளைத்தன.

ஜேம்ஸ் பென்ட்லியும் மனைவி கேத்தரினும் நடத்திய யுரேகா ஹோட்டல் அப்படிப்பட்டது. 1854 அக்டோபரில் அதன் அருகே ஜேம்ஸ் ஸ்கோபி என்ற தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட பென்ட்லியை உள்ளூர் நீதவான்கள் விடுவித்தார்கள். ஆத்திரமடைந்த கூட்டம் ஹோட்டலையே கொளுத்தியது. பிறகு நடந்த விசாரணையில் பென்ட்லி தண்டிக்கப்பட்டார், கேத்தரின் விடுதலையானார். தோண்டுகிறவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான இந்தப் பகை டிசம்பர் 3ஆம் தேதி இருதரப்பும் மோதிய யுரேகா மோதலில் போய் முடிந்தது. அதை ஆராய வந்த அரச ஆணைக்குழு கூடியதும் ஒரு ஹோட்டலில்தான், தாமஸ் பாத்துடையதில். வாடிக்கையாளன் கொளுத்தவும் துணிகிற அளவுக்கு அந்தக் கடை அவன் வாழ்வோடு ஒட்டியிருந்தது.

மலையகத்துக்கு வந்தவர்களின் கதை வேறு. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து கோப்பித் தோட்டம் சேரும்போதே கங்காணியிடம் கடன்பட்டிருந்தார்கள். அவர்கள் குடியிருந்த வரிசை அறைகளான லயம் தோட்டத்துடையது. அரிசி தோட்டம் கொடுத்தது. அதன் விலை சம்பளத்தில் கழிந்தது. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி துண்டு முறை கட்டிப்போட்டது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். எல்லாம் கழிந்து கையில் நின்ற சில்லறை, தவறணைக்குப் போனது.

அந்தத் தவறணையின் இலாபம் கல்லாவில் இருந்தவருக்குப் போகவில்லை. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது; எடுத்தவர்கள் பெரும்பாலும் தென்மேற்குக் கரையோரத்துப் பணக்காரக் குடும்பங்கள். இலங்கை முதலாளி வர்க்கத்தின் பிறப்பை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தன, அதன் மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு இருந்த இடத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். மொறட்டுவையின் டி சொய்சா குடும்பம் இதற்கு எடுப்பான உதாரணம். குத்தகைப் பணத்தோடு ஹங்குரன்கெத்தவில் பழைய அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி போட்டவர் ஜெரோனிஸ் டி சொய்சா. சாராயத்தால் எழுந்த குடும்பம் இங்கேயும் உண்டு என்றாலும், அது தவறணைக்கு மேல்மாடியில் குடியிருக்கவில்லை.

வேடிக்கையான ஓர் ஒற்றுமையும் இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் அல்பிரட் 1867இல் பலராட் போனார். பாத்தின் ஹோட்டலை வாங்கி நடத்திவந்த வால்டர் கிரெய்க், அந்த வருகைக்குப்பின் தன் விடுதியின் பெயரில் ‘ரோயல்’ சேர்த்துக்கொண்டார். அதே இளவரசர் 1870இல் இலங்கை வந்தபோது, ஜெரோனிசின் மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொழும்பு மாளிகையில் தங்கத் தட்டில் விருந்து வைத்தார். மாளிகை ‘அல்பிரட் ஹவுஸ்’ ஆனது. தங்கம் தோண்டிய ஊரில் விடுதிக்காரருக்கு ஒரு பட்டம். தங்கமே இல்லாத மலையின் சாராயக் காசுக்குத் தங்கத் தட்டு!

மலையில் விடுதிகளே இல்லாமல் போகவில்லை. தெருவோரங்களில் அரசாங்கத்து வாடிவீடுகள் இருந்தன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவில் கட்டிய ஓய்வு மாளிகை பின்னர் கிராண்ட் ஹோட்டலாகிக் கம்பனியின் கைக்குப் போனது. 1876இல் துரைமாருக்காக ஹில் கிளப் வந்தது; சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் இந்நாட்டவரை உறுப்பினராக்காத இடம் அது. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தபின் கூட்டம் பெருகியது. அங்கெல்லாம் தமிழர் நின்றது சமையற்கட்டிலும் மேசையோரத்திலும் தோட்டத்திலும்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியபின் சொந்தக் கடை கண்ணுக்கெட்டாத தூரம் போயிற்று.

2005இல் மலையிலும் ஒரு குடும்பத்தின் விடுதி வந்தது. டில்மா தேயிலையின் மெரில் ஜே. பெர்னாண்டோ குடும்பம், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்களை ‘டீ ட்ரெய்ல்ஸ்’ விடுதியாக்கியது. நன்றாகவே நடத்துகிறார்கள், பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றியதற்குப் பாராட்டலாம். ஆனால் அதுவும் கொழும்பு மூலதனம்தான். லயத்துப் பேரப்பிள்ளைக்கு அங்கே கிடைப்பது வேலை.

பாத்தும் பென்ட்லியும் உரிமம் எடுத்துத் தம் பெயரில் கடை திறந்தவர்கள். மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, இந்திய உதவியில் 14,000 வீடுகள் என்றெல்லாம் அறிவித்த பின்னும் லயத்தில் இருப்பவர் கையில் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாத அறையை வங்கியில் ஈடு வைக்க முடியாது. மலையகத்து இளைஞருக்குச் சுற்றுலாத் திட்டம் தீட்டுகிறவர்கள் பரிமாறக் கற்றுக்கொடுப்பதில் தொடங்க வேண்டாம். காணி உறுதியை முதலில் கொடுக்கட்டும்.