வரைபடமும் கோட்பாடும்: கட்டடக்கலை வரலாற்றின் முதுகலைக் கல்வி குறித்து

கட்டடக்கலை வரலாறு நெடுங்காலம் வடிவமைப்பு மாணவர்களின் துணைப்பாடமாகவே இருந்தது. இன்றைக்கு உதவுவதைப் பழைய கட்டடங்களிலிருந்து பொறுக்கித் தருவதே அதன் கடமை என்று கருதப்பட்டது. சீக்ஃப்ரீட் கீடியன் 1941இல் வெளியிட்ட 'வெளி, காலம், கட்டடக்கலை' பரோக் ரோமிலிருந்து நவீனத்துவம்வரை ஒரே கோட்டை இழுத்துக் காட்டிய நூல். வடிவமைப்புக்குத் தோதாக வரலாற்றை வளைக்கும் இந்தப் போக்கை மான்ஃப்ரெடோ தஃபூரி 1968இல் கடுமையாக மறுத்தார். வரலாற்றாசிரியர் கட்டடக்கலைஞருக்கு யோசனை சொல்பவர் அல்லர் என்பது அவர் நிலைப்பாடு. ஜோசப் ரிக்வெர்ட் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதுகலைப் படிப்பு, எம்.ஐ.டி.யில் 1975இல் தோன்றிய ஆய்வுத் திட்டம், லண்டன் பார்ட்லெட்டில் ஏட்ரியன் ஃபோர்ட்டியும் மார்க் ஸ்வெனார்ட்டனும் 1981இல் தொடங்கிய படிப்பு எல்லாமே வரலாற்றுக்கு இப்படித் தனிக்கால் தேடிய முயற்சிகள்தாம்.

விடுதலை கிடைத்தது, கூடவே ஓர் இடரும் வந்தது. ஃபூக்கோ, லெஃபெவ்ர் போன்ற கோட்பாட்டாளர் ஒருவரின் பெயரில் தொடங்கி, முதல் இயலில் அவர் கருத்தைச் சுருக்கி, மூன்றாம் இயலில் ஒரு கட்டடத்தை உதாரணமாக நிறுத்தும் ஆய்வேடுகள் பெருகின. அவற்றில் கட்டடம் எதையும் மறுத்துப் பேசுவதில்லை. கோட்பாடு தவறாகவும் போகக்கூடும் என்ற வாய்ப்பே இல்லாத இடத்தில் ஆய்வு நடப்பதாகச் சொல்ல முடியாது. கேள்வியைக் கோட்பாடு எழுப்பலாம். விடையைத் தளவரைபடம்தான் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ராபின் எவன்ஸ் 1978இல் கதவுகளையும் நடைவழிகளையும் பற்றி எழுதிய கட்டுரையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ரோமில் ரஃபேல் வடிவமைத்த வில்லா மதாமாவின் வரைபடத்தை அவர் விரிக்கிறார். ஓர் அறைக்கு இரண்டு, மூன்று, நான்கு கதவுகள். அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். யாரும் யாரையும் கடக்காமல் அந்த மாளிகையில் நடமாட இயலாது. பிறகு இங்கிலாந்தின் கோல்ஸ்ஹில் மாளிகை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோஜர் பிராட் வடிவமைத்தது; 1952இல் தீக்கிரையானது. வீட்டின் நீளம் முழுக்க நடுவே ஒரு நடைவழி, இரு முனைகளிலும் பின்படிக்கட்டுகள். வேலையாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் போய்வர வேண்டும் என்பதே நோக்கம் என்று பிராட்டே எழுதிவைத்தார். தனிமை மனித இயல்பு, அதற்கு வீடு இடமளித்தது என்ற நம்பிக்கை இங்கே தகர்கிறது. தனிமைக்கும் ஒரு தொடக்கம் உண்டு. அதைச் சுவரிலும் கதவிலும் காணலாம். ரஃபேலின் ஓவியங்களில் உடல்கள் நெருங்கியிருப்பதையும் எவன்ஸ் துணைக்கு அழைக்கிறார். அந்த இடம் எனக்கு வலுவாகப் படவில்லை. ஓவியத்தின் மரபு வேறு, வீட்டின் பழக்கம் வேறு.

கோட்பாட்டைப் படிக்காதவருக்கு வேலையாட்களைப் பற்றிய கேள்வியே எழாதே என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் பெந்தமின் வட்டச் சிறையைக் குறித்து எவன்ஸ் எழுதியது 1971இல். ஃபூக்கோவின் சிறை நூல் வந்தது 1975இல். வரைபடத்தைப் பொறுமையாக வாசித்தவருக்கு அதிகாரம் பற்றிய கேள்வி அங்கேயே கிடைத்திருக்கிறது.

இதே கேள்வியை ஸ்ரீரங்கம் கோயிலில் கேட்டுப் பார்க்கலாம். ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதியபோது அக்கோயிலின் அமைப்பையே குறை என்றார். வெளிக்கோபுரங்கள் பெரிதாகவும் உள்ளே போகப்போகச் சிறிதாகவும் இருப்பது அவருக்குத் தலைகீழாகப் பட்டது. வெளியிலிருந்து கருவறை நோக்கி நடக்கும் ஒரு பார்வையாளரை மனத்தில் வைத்து அளந்த தீர்ப்பு அது. ஆனால் கோயிலின் ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்கள். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் புறப்பாடு நடக்கிறது. உற்சவரான நம்பெருமாள் உள்ளிருந்து வெளியே வருகிறார். யார், எந்தத் திசையில், எந்த நாளில் நடக்கிறார்கள் என்று கேட்டால் வரைபடம் வேறு விதமாக வாசிக்கக் கிடைக்கிறது. சுற்றுகளும் கோபுரங்களும் ஒரே கையால் எழுந்தவை அல்ல, நூற்றாண்டுகளாகச் சேர்ந்தவை. ஃபெர்குசன் காலத்தில் அடிப்பகுதியோடு நின்றிருந்த ராஜகோபுரம் 1987இல்தான் 236 அடிக்கு உயர்ந்தது. ஆகவே ஒற்றை வடிவமைப்பாளரைக் கற்பனை செய்து குற்றம் சுமத்துவதே பிழை.

எவன்ஸின் முறை தடுமாறும் இடமும் இதுதான். கோல்ஸ்ஹில்லில் விலக்கு சுவராக நிற்கிறது, வரைபடத்தில் தெரிகிறது. தமிழகக் கோயில்களில் வாயில் அகலத் திறந்தே இருந்தது. ஆயினும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமும் வரும்வரை தலித் மக்களும் வேறு சில சாதியினரும் அதைக் கடக்க முடியவில்லை. எந்தத் தளவரைபடமும் இந்தத் தடையைக் கோடாக வரைந்ததில்லை. சாதியைக் குறித்த கோட்பாடு இங்கே இன்றியமையாதது. வரைபடம் பேசாது விடுவதைக் கல்வெட்டிலும் வழக்குக் கட்டுகளிலும் சட்டமன்ற விவாதங்களிலும் தேடச் சொல்வது அதுதான். அந்த ஆவணங்களை வரைபடத்தோடு அடுக்கிவைத்து, எந்த வாசலில் யார் நிறுத்தப்பட்டார் என்று கோயில் கோயிலாகக் குறிக்கும் ஆய்வேடுகளை நம் கட்டடக்கலைப் பள்ளிகள் எழுதச் செய்ய வேண்டும்.