கள்ளும் காவிரிக்கரையும்

பள்ளிபாளையத்துப் பாலத்தில் ஏறினால் காவிரியைக் கடந்து ஈரோட்டில் இறங்கலாம். தொலைவு சிறிது; அக்கரையில் கற்க வேண்டிய பாடமோ பெரிது. ஆற்றங்கரை ஊருக்குச் செல்வோர் தீர்த்தத்தில் மூழ்குவர், தலபுராணம் கேட்பர், திருநீறு பூசித் திரும்புவர். பகுத்தறிவு இளைஞன் ஈரோட்டில் தேட வேண்டியது புராணமன்று, வரலாறு. அதுவும் கள்ளின் வரலாறு!

கரோன் ஆற்றங்கரையில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரம் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே மது ஊரின் பெருமை. ஊரின் பெயரே மதுவின் பெயர். நம் காவிரிக்கரையில் தென்னையும் பனையும் உண்டு, கள்ளும் உண்டு. ஆனால் கள்ளால் பெருமை பெற்றவர் யார்? மரமேறி உயிரைப் பணயம் வைத்தவனா? கூலியைக் கடையில் கொட்டியவனா? 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று வெள்ளையராட்சி வசூலித்தது. குடித்தவன் குடிசை இருண்டது. கருவூலம் ஒளி பெற்றது!

1921. காங்கிரசில் இருந்த ஈ.வெ.இராமசாமி, ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் தோப்பில் கள் இறக்கும் பெரிய மனிதர்களை நாடு நிறையக் கண்டதுண்டு. அவர் அவ்வாறு செய்யவில்லை. சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமாயிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அடுத்தவன் வருவாயை அழிப்பது எளிது. தன் வருவாயைத் தானே வெட்டுவது அரிது.

அவர் சிறை புகுந்தார். மறியல் ஓய்ந்ததா? இல்லை! துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மையாரும் தெருவுக்கு வந்தனர். வாசற்படி தாண்டுவதே குற்றம் என்று பெண்ணைப் பூட்டி வைத்திருந்த காலம் அது. அக்காலத்தில் செல்வக் குடும்பத்துப் பெண்கள் இருவர் கள்ளுக்கடை வாயிலில் நின்றனர். இவர்களைக் காந்தியார் பாராட்டினார் என்ற செய்தியை மேடைதோறும் கேட்கிறோம். மகிழ்ச்சியே, ஆயினும் இவர்தம் சிறப்புக்கு எவர் சான்றும் வேண்டுவதில்லை. அன்று தெருவுக்கு வந்த கண்ணம்மையார், பின்னர் ‘குடி அரசு’ ஏட்டின் வெளியீட்டாளரானார். 1933இல் அவ்வேட்டில் வந்த தலையங்கத்துக்காகச் சிறையும் சென்றார். கள்ளுக்கடை வாயிலில் தொடங்கிய நடை சிறை வாயில் வரை சென்றது!

அடுத்து வந்தது சட்டம். 1937 அக்டோபர் முதல் நாள், ஆச்சாரியார் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைப் புகுத்தியது. பள்ளிபாளையம் அன்று சேலம் மாவட்டம். ஈரோடு அன்று கோவை மாவட்டம். சட்டம் இக்கரையோடு நின்றது. ஒரே ஆறு, ஒரே மொழி, ஒரே வறுமை; ஆனால் கரைக்கொரு நீதி! மதுவால் வந்த வருவாய் போயிற்றென்று 1939இல் விற்பனை வரி வந்தது. மாகாணம் முழுதும் மதுவிலக்கு பரவியது 1948இல்.

அதன் பின் நடந்ததென்ன? 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மீண்டும் திறந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. மரத்துக் கள் குற்றம். புட்டி மது அரசின் வாணிகம்! அமெரிக்காவும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கை நடத்திப் பார்த்துக் கைவிட்டது. சட்டம் மட்டுமே மனிதனைத் திருத்திவிடுமென்றால், இத்தனை திறப்பும் பூட்டும் எதற்கு?

மரங்களை வெட்டிய ஈ.வெ.ரா.வே பிற்காலத்தில் சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கை எதிர்த்து எழுதினார். இதை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. 1921இல் அவர் வெட்டியது தம் மரத்தை. சட்டம் செய்வதோ பிறர் கையைக் கட்டுவது. இரண்டும் ஒன்றல்ல. அவர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டவும் வேண்டாம். எண்ணிப் பார்த்து முடிவு செய்வதே அவர் கற்பித்த பாடம்.

தோழர்களே! ஈரோட்டில் பெரியார், அண்ணா நினைவகம் இருக்கிறது. சென்று காணுங்கள். மாலை போட்டு வணங்கித் திரும்பாதீர்கள், அது கோயிலன்று. ஒரு கேள்வியோடு திரும்புங்கள். மது வருவாய் எவ்வளவு என்று கணக்கெழுதுவோர் உண்டு. அதனால் அடுப்பெரியாத வீட்டின் கணக்கை எழுதுவோர் யார்? எழுத வேண்டியவர் அவ்வீட்டுப் பெண். அவள் கையில் எழுத்தும், கைக்கு எட்டும் வருவாயும், மன்றத்தில் பேசும் உரிமையும் தருவதே முதல் வேலை. நாகம்மையாரும் கண்ணம்மையாரும் திறந்த வழி அது. கருவூலத்தின் தேவைக்கேற்பக் கடை மூடும், திறக்கும். வாசற்படி தாண்டிய பெண்ணை மீண்டும் உள்ளே பூட்ட எந்த ஆட்சியாலும் ஆகாது!