செத்த காலேஜில் ஒரு பாடம்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய சென்னைவாசிகள் வைத்திருந்த பெயர் உங்களுக்குத் தெரியுமா? 'செத்த காலேஜ்' என்பது அது. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் காலையில் செத்த காலேஜ், மாலையில் உயிர் காலேஜ், பிறகு கடற்கரை என்று ஒரு சுற்று காட்டி அனுப்புவது வழக்கம்.

கேலியாகத் தோன்றும் இந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1851 ஆம் ஆண்டில் சென்னையில் அரசு அருங்காட்சியகம் தோன்றியபோது அதற்கென்று தனிக் கட்டடம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பிக்க 1812 இல் ஏற்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் அது குடியேறியது. அந்தக் கல்லூரி இருந்த நுங்கம்பாக்கத்துச் சாலையை இன்றும் கல்லூரிச் சாலை என்றே அழைக்கிறோம். முதலில் இருந்தவை ஏறக்குறைய 1,100 கல், மண், கனிம மாதிரிகள். மூன்றாண்டுகளில் இடம் போதாமல் எழும்பூர்ப் பாந்தியன் தோட்டத்துக்கு மாற்றினார்கள். கட்டடம் மாறியது, 'காலேஜ்' என்ற சொல் மட்டும் மக்கள் நாவில் ஒட்டிக்கொண்டது.

முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். அருங்காட்சியகம் அறிஞர்களுக்கு மட்டுமன்று, தெருவில் போகிறவனுக்கும் உரியது என்று கருதியவர். ஆனால் தெருவில் போகிறவன் கல்லைப் பார்க்க வருவானா? உயிருள்ள விலங்குகள் சிலவற்றைப் பால்ஃபர் அங்கே வைத்துப் பார்த்தார். புலிக்குட்டி ஒன்றும் அவற்றுள் அடக்கம். கூட்டம் திரண்டது! உடனே ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளையும் பெற்று, 1855 இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கிவிட்டார். அது பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985 இல் வண்டலூருக்குப் போனது. உயிருள்ளவை ஒரு பக்கமும் உயிரற்றவை ஒரு பக்கமுமாகப் பிரிந்ததும் மக்கள் இரண்டுக்கும் பொருத்தமாகப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

பால்ஃபரின் புலிக்குட்டி தந்திரம் பலித்தது என்பதில் ஐயமில்லை. காணும் பொங்கல் நாளில் எழும்பூரில் எள் விழ இடமிராது. ஆனால் கூட்டம் வருவது வேறு, கூட்டம் கற்பது வேறு அல்லவா? அருங்காட்சியகங்களின் வரலாற்றில் இந்த இரண்டாவது கேள்வி சற்றுத் தாமதமாகத்தான் எழுந்தது. அதற்கு விடை தேடியவர்கள் பள்ளி ஆசிரியர்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற நகரில் 1904 இல் பெரிய உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. அது முடிந்ததும் எஞ்சிய பொருள்களில் நல்ல பகுதியை நகரப் பள்ளிகளின் நிர்வாகம் சேர்த்துக்கொண்டு, 1905 இல் ஒரு கல்வி அருங்காட்சியகத்தை அமைத்தது. அங்கே கட்டடத்துக்குள் மாணவர் வரிசையாக நடந்து போகவில்லை. குதிரை வண்டிதான் பள்ளிதோறும் போனது. ஆசிரியர் பட்டியலைப் பார்த்துத் தமக்கு வேண்டியதை எழுதி அனுப்புவார். பருத்திப் பாடமா? பருத்திக் காயும் நூலும் துணியும் அடங்கிய பெட்டி வந்து இறங்கும். பாடம் முடிந்ததும் வண்டி பெட்டியைத் திரும்ப ஏற்றிச் செல்லும். நம் நாட்டில் 1965 இல் கல்கத்தாவின் பிர்லா தொழில் அருங்காட்சியகம் அறிவியல் காட்சிகளைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கியது. இதை அந்தக் குதிரை வண்டியின் பேரன் எனலாம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்தது வேறு கதை. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனைகள் போதவில்லை. பள்ளிக் கட்டடங்கள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டது. பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? 1915 இல் அந்நகரப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் கதவைத் திறந்துவிட்டது. இயற்கை வரலாறும் பழைய எகிப்தும் அங்கேயே, அந்தந்தப் பொருளுக்கு எதிரிலேயே, பாடங்களாயின. நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு. போர் முடிந்தால் நின்றுவிடும் என்றுதான் எவரும் எண்ணியிருப்பார்கள். போர் முடிந்தது, பாடம் நிற்கவில்லை. இடமில்லாமல் வந்த பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்ததை ஆசிரியர்கள் கண்டுகொண்டார்கள்.

அந்த 'ஏதோ ஒன்று' எனக்குக் கிடைக்காமல் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படிக்கும்போது எங்களை ஒரு முறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு பேருந்து நிறையப் பிள்ளைகள். விசில் ஊதினால் நடக்க வேண்டும், மறுபடி ஊதினால் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் 'முடித்து'விட்டோம். மறுநாள் 'நான் கண்ட அருங்காட்சியகம்' என்று இரண்டு பக்கம் கட்டுரை. வகுப்பில் நாற்பது பேரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதினோம். கரும்பலகையில் இருந்தது அது. அந்த நாளில் என் நினைவில் நின்றது பேருந்தில் தின்ற புளியோதரை ஒன்றுதான். அழைத்துப் போன ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். தொலைந்து போகாமல் அத்தனை பிள்ளைகளையும் வீடு சேர்ப்பதே அவருக்குப் பெரும்பாடு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு தனியாக எழும்பூர் சென்றபோது ஒரு கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். அதற்குக் காரணம் அங்கே போவதற்கு முன் படித்திருந்த ஒரு செய்தி.

இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். 1863 மே 30 ஆம் நாள் பல்லாவரத்தில் படை அணிவகுப்புத் திடலருகே சரளை மண் தோண்டிய பள்ளம் ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். வாதுமைக் கொட்டை வடிவம். ஒரு முனை கூர், மறு முனை அகலம். இரு முகங்களிலும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தழும்புகள். இயற்கையில் உடைந்த கல் இப்படி இராது, இது மனிதக் கை செய்த கோடரி என்று அறிந்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் தம் தோழர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பல்லாவரத்துச் சரளையை மண்வெட்டியால் வெட்டியவர்கள் அத்தகைய கற்களைப் பார்த்திருக்கமாட்டார்களா? பார்த்திருப்பார்கள், கூடையில் அள்ளிப் போட்டும் இருப்பார்கள். ஃபுட்டுக்கு மட்டும் அது கோடரியாகத் தெரிந்தது ஏன்? பிரான்சு நாட்டில் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழைய மனிதன் செய்தவையே என்பதை 1859 இல்தான் அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி ஃபுட்டின் மனத்தில் இருந்தது. தேடும் பொருளின் உருவம் மனத்தில் இருந்ததால் கண்ணுக்கு அகப்பட்டது.

ஃபுட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளை 1904 இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அத்திரம்பாக்கத்துக் கதை அதோடு முடியவில்லை. சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் அங்கே மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்து, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011 இல் அறிவித்தார்கள். நடுப் பழைய கற்காலக் கருவிகள் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018 இல் அறிவித்தார்கள். பாடநூலில் ஒரு வரியாகக் கடந்து போகும் 'பழைய கற்காலம்' இதுதான்.

இப்போது ஒரு மாணவனை அந்தக் கல்லின் முன் நிறுத்துங்கள். "இது கற்கோடரி, எழுதிக்கொள்" என்றால் எழுதிக்கொள்வான். அடுத்த பெட்டிக்குப் போய்விடுவான். "இதற்குக் காம்பு இல்லையே, எந்தப் பக்கத்தைப் பிடித்திருப்பான்? எத்தனை சில்லு பெயர்த்திருக்கிறான், எண்ணிச் சொல். பெயர்த்த சில்லுகளை எறிந்துவிட்டானா, அவற்றுக்கும் வேலை இருந்திருக்குமா?" என்று கேட்டால்? கண்ணாடிமேல் மூக்கு பதியும். தழும்புகளை எண்ணுவான். இரண்டு மாணவர்கள் இரண்டு விதமாக எண்ணிச் சண்டை போடுவார்கள். நல்லது, போடட்டும்!

விலங்கியல் கூடத்துத் திமிங்கல எலும்புக்கூட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1874 இல் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. "அம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்று வாய் பிளந்துவிட்டு நகர்வதே எல்லோரும் செய்வது. தலையிலிருந்து வால்வரை காலடியால் அளந்து வரச் சொன்னால் பெரிசு என்பது ஓர் எண்ணாகிவிடும். அதன் பிறகு துடுப்பைக் காட்டுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மீன் துடுப்பு போன்றது. உள்ளே தோள் எலும்பு, மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டு, விரல்கள்! மாணவன் தன் சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தன் கையைத் தடவித் தடவி ஒப்பிடட்டும். மீனின் துடுப்பில் இந்த அமைப்பு இல்லை. திமிங்கலம் மீனா பாலூட்டியா என்று தேர்வுக்காக நெட்டுருப் போட்டவனுக்கு, நிலத்தில் நடந்த ஒரு முன்னோரின் கை கடலுக்குள் போயிருக்கிறது என்பது அங்கேதான் உறைக்கும்.

ஆசிரிய நண்பர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: "புது இடத்துக்குப் போனால் பிள்ளைகள் எங்கள் பேச்சையா கேட்கிறார்கள்? தூணைப் பார்க்கிறார்கள், மின்விசிறியைப் பார்க்கிறார்கள், எப்போது சாப்பாடு என்கிறார்கள்." உண்மைதான். அமெரிக்காவில் ஜான் ஃபாக் முதலியோர் 1970களில் இதையே ஆராய்ந்தார்கள். முற்றிலும் புதிய இடத்தில் பிள்ளைகளின் கவனமெல்லாம் அந்த இடத்தைப் பழகிக்கொள்வதிலேயே செலவாகிறது. சொல்லித்தந்த பாடம் பிறகுதான். அதனால் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போகும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சில செய்திகளைச் சொல்லிப் பார்த்தார்கள். பாடத்தை மட்டும் அல்ல. என்ன பார்ப்பார்கள், எங்கே சாப்பிடுவார்கள், என்ன வாங்கலாம் என்பதையும். இவற்றைத் தெரிந்துகொண்டு போன பிள்ளைகள்தாம் அங்கே அதிகம் கற்றார்கள். சாப்பாட்டுக் கவலை தீர்ந்தால் திமிங்கலத்துக்கு மனத்தில் இடம் கிடைக்கிறது போலும்! விசில் ஊதி ஊதி எங்களை அடக்கிய ஆசிரியர், முந்தின நாள் கரும்பலகையில் கட்டுரைக்குப் பதில் ஒரு வரைபடம் போட்டு, "இங்கே கழிப்பறை, இங்கே தண்ணீர், ஒரு மணிக்கு இந்த மரத்தடியில் புளியோதரை" என்று சொல்லியிருக்கலாம்.

சென்னைக்கு வர இயலாத பள்ளிகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை அருங்காட்சியகம் 1910 முதல் இருக்கிறது. பல மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் உண்டு. கீழடியில் அகழ்ந்தெடுத்த பொருள்களுக்கு அங்கேயே 2023 இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பானை ஓட்டில் தன் பெயரைக் கீறி வைத்த ஒருவரின் கையெழுத்தை, அவர் வாழ்ந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். பெரிய இடம் என்பதல்ல கணக்கு. எழும்பூரையே எடுத்துக்கொண்டாலும், அத்தனை கூடங்களையும் ஒரே நாளில் பார்ப்பது கல்யாணப் பந்தியில் எல்லா இலையிலும் உட்கார முயல்வது போன்றது.

இரண்டு கூடம் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு பொருள். கையில் பென்சிலும் கோடு போடாத தாளும். வரைந்தால்தான் கண் நிற்கும். படம் அழகாக வர வேண்டும் என்பதில்லை. பள்ளிக்குத் திரும்பியதும் எழுத வேண்டியது கட்டுரை அல்ல, தீராத கேள்விகள். அடுத்த வாரம் அவற்றில் இரண்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகலாம்; பள்ளி மைதானத்தில் கிடக்கும் கற்களில் மனிதன் உடைத்தது எது, தானே உடைந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம். கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்த கல் விளிம்பு பிளேடு போல் வெட்டும்.

எழும்பூர் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள்; திமிங்கலத்தைக் காலடியால் அளக்க அப்போதுதான் வழி இருக்கும்.