வசந்தகால மர நடைகள்: பார்வையாளர் பதிவாளராக மாறுவது எப்படி?

பெங்களூரு: தை மாதம் முடிவதற்குள்ளாகவே பெங்களூருவின் சாலையோரங்களில் தபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பு நிறத்தில் பூக்கத் தொடங்கிவிடுகின்றன. மாசி, பங்குனியில் புங்கமரங்கள் பழைய இலைகளை உதிர்த்துத் தளிர்விடுகின்றன. சித்திரையில் குல்மொகர் மரங்கள் சிவக்கின்றன. இப்பருவத்தில் நகரின் கல்வி வளாகங்களிலும் தாவரவியல் பூங்காவிலும் வழிகாட்டியுடன் கூடிய மர நடைகள் நடைபெறுவது வழக்கம். இந்நடைகளின் பின்னணியும், பங்கேற்போர் தொடர்ந்து ஆற்றக்கூடிய தன்னார்வப் பணிகளும் வருமாறு:

அடுத்தடுத்து மலரும் நகரம்

பெங்களூருவில் மாதத்திற்கொரு மரம் பூப்பது தற்செயலாக அமைந்ததன்று. ஜெர்மனியில் பிறந்த தாவரவியல் வல்லுநர் குஸ்டாவ் ஹெர்மன் குரும்பிகல், 1908-இல் மைசூரு சமஸ்தானப் பணிக்கு வந்து லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். வெவ்வேறு மாதங்களில் பூக்கும் மரங்களைச் சாலைதோறும் தேர்ந்து நடும் முறை இவர் பெயராலேயே அறியப்படுகிறது. பின்னர் 1980-களில் வனத்துறை அதிகாரி சேதுராம் நெகின்ஹால் தலைமையில் நகரில் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன.

இவற்றுள் பல அயல்நாட்டு மரங்கள். தபேபுயாவும் ஜக்கரண்டாவும் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதிகளிலிருந்தும், குல்மொகர் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. புங்கம், புரசு, சரக்கொன்றை, இலவம் ஆகியவை இந்நாட்டு மரங்கள். இந்த வேறுபாட்டை அறிவதே பெரும்பாலான நடைகளின் முதல் பாடமாக அமைகிறது.

வளாகங்களின் சிறப்பு

சாலை விரிவாக்கம், மேம்பாலம், மெட்ரோ பணி ஆகியவற்றால் சாலையோர மரங்களின் ஆயுள் நிச்சயமற்றதாகிவிட்டது. ஒரு மரத்தைப் பல ஆண்டுகள் இடையறாது கவனிக்கக் கல்வி வளாகங்களே ஏற்ற இடங்களாக எஞ்சியுள்ளன.

1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தின் வளாகம் சுமார் 400 ஏக்கர் பரப்புடையது. அங்குள்ள சூழலியல் மையம், மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய மர இனங்களைக் கொண்டு 1980-களில் ஒரு சிறு காட்டையே வளாகத்துக்குள் உருவாக்கியது. ஆண்டுக்கொருமுறை நடைபெறும் திறந்த நாளில் பொதுமக்கள் இவ்வளாகத்தினுள் அனுமதிக்கப்படுகின்றனர்.

தமிழகத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த இக்கல்லூரியில், வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் ஆர்வத்துடன் மரங்களை நட்டார். அவ்வளாகம் இன்றும் புதர்க்காடு நிறைந்த பசுமைப் பரப்பாக விளங்குகிறது.

ஒரே மரம், வாரந்தோறும்

நடை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதன் பயன் நீடிக்க வேண்டுமானால், பார்த்த மரத்தை மீண்டும் மீண்டும் பார்த்துப் பதிவு செய்தல் வேண்டும். இதற்கென இந்தியாவில் 2010-இல் தொடங்கப்பட்டதே 'சீசன்வாட்ச்' என்னும் மக்கள் அறிவியல் திட்டம்.

பங்கேற்பாளர் தம் வீடு, பள்ளி அல்லது வளாகத்திலுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்து பதிவு செய்துகொள்கிறார். வாரம் ஒருமுறை அம்மரத்தைப் பார்த்து, தளிர், முற்றிய இலை, மொட்டு, மலர், காய், கனி ஆகியவை 'இல்லை', 'சில', 'பல' என்ற மூன்று நிலைகளுள் எதில் உள்ளன எனக் குறிக்கிறார். சில நிமிடங்களே ஆகும் இப்பணிக்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. வாரந்தோறும் இயலாதவர்கள் ஒருமுறை கண்டதையும் பதிவிடலாம்.

நீண்ட பதிவு எதற்கு?

கேரளத்தில் விஷுவுக்குரிய கொன்றை, பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே பூத்து உதிர்ந்துவிடுவதாகப் பேசப்படுகிறது. அது நினைவின் மயக்கமா, பருவத்தின் மாற்றமா என்பதை ஆண்டுக்கணக்கான பதிவுகளே உறுதி செய்ய முடியும்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலர்ச்சி குறித்த குறிப்புகள் 9-ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. அதனாலேயே, 2021 மார்ச் 26-இல் அங்கு நிகழ்ந்த முழு மலர்ச்சி, 1,200 ஆண்டுகளில் மிக முந்தையது எனக் கூற முடிந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1872-இல் அமைத்த அர்னால்டு மரத்தோட்டத்திலும், குறிப்பிட்ட மரங்களின் தளிர், மலர், இலையுதிர்வு ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் 2015 முதல் பதிவு செய்யத் தொடங்கினர்.

பிற தன்னார்வப் பணிகள்

பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடைபெறும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக, இந்தியாவில் வளாகப் பறவைக் கணக்கெடுப்பும் நடத்தப்படுகிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் பதிவிடுவதே இதன் முறை.

பார்த்தீனியம், உண்ணிச்செடி போன்ற களைகளை அகற்றுதல், உள்நாட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்று வளர்த்தல், மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுதல் ஆகியவையும் தன்னார்வலர்களுக்குரிய பணிகள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். அது தோல் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிதல் அவசியம்.

ஹெப்பகோடியிலிருந்து செல்ல

ஓசூர் சாலையை ஒட்டிய தொழிற்பகுதியான ஹெப்பகோடி வாசிகளுக்கு, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் பயணத்தை எளிதாக்கியுள்ளது. பயோகான் ஹெப்பகோடி நிலையத்தில் ஏறி, ஆர்.வி. சாலை நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால், மூன்றாவது நிலையம் லால்பாக். சுமார் 240 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்தில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை ஆர்வலர்கள் கூடும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உள்ளது. தொலைவு செல்ல இயலாதோர், சீரமைக்கப்பட்ட ஹெப்பகோடி ஏரிக்கரையில் நிற்கும் ஒரு மரத்திலிருந்தே பதிவைத் தொடங்கலாம்.

வளாகப் பதிவுகளுக்குப் பெரும் இடையூறாக இருப்பது தொடர்ச்சியின்மை. மாணவர் மூன்று ஆண்டுகளில் படிப்பை முடித்து வெளியேறுகிறார். அவர் கவனித்த மரமோ பல பத்தாண்டுகள் அங்கேயே நிற்கிறது. எனவே, வெளியேறும் மாணவர் தம் மரத்தையும் அதன் குறிப்பேட்டையும் அடுத்த ஆண்டு மாணவரிடம் முறையாக ஒப்படைத்துச் செல்வது இப்பணியின் இன்றியமையாத பகுதியாகும்.