எழுத்தும் வஸ்னும்

ஃபா, ஐன், லாம் என்னும் மூன்றெழுத்துக்களை, மத்ரஸாவில் ஸர்ஃபு ஓதிய எவரும் மறந்திருக்கமாட்டார். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டின் பஸ்ரா இலக்கணவாணர்கள் அரபுச் சொற்களை நிறுக்க இவற்றையே எடைக்கற்களாகக் கொண்டனர். 'மஃப்ஊல்' என்னும் வஸ்னில் மீமும் வாவும் நிலையானவை. ஏனைய மூன்றும் வேரெழுத்துக்களுக்குரிய இடங்கள். காஃப், தா, பா அமர்ந்தால் மக்தூப். ஷீன், ஹா, ரா அமர்ந்தால் மஷ்ஹூர். அதே பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத், 'கிதாபுல் ஐன்' அகராதியில் மூன்றெழுத்து வேர்களை ஆறு வகையாக மாற்றியடுக்கி, வழக்கிலுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்துக் காட்டினார்.

இன்று கணினியில் எழுத்தமைப்பைக் கொண்டு சொல் தேடும் முறைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். கணினியையும் கலீலே கண்டார் என முழங்குவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. 1950களில் ஸ்டீபன் கிளீனி நரம்பணு வலைகளைப் பற்றிய கணித ஆய்வில் இதனை வகுத்தார். 1968இல் கென் தாம்சன் அதனைத் தேடற்கருவியாக்கினார். பஸ்ராவுக்கு அதில் பங்கில்லை.

எனினும் இரண்டையும் ஒப்பிடுவது பயனுடையதே. இம்முறையில் ஒரு புள்ளி ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும். மீம், இரு புள்ளிகள், வாவ், ஒரு புள்ளி என ஐந்தெழுத்துச் சொற்களை அரபு நூலொன்றில் தேடினால் மக்தூபும் மஷ்ஹூரும் அகப்படும். கூடவே, முஃபாஇல் வஸ்னைச் சேர்ந்த முஆவினும் வந்து நிற்கும். எழுத்தளவில் அதன் அமைப்பும் அதுவே. மஃப்ஊல் வஸ்னைச் சேர்ந்த மகூலோ தப்பிவிடும். அதன் மூலவடிவம் மக்வூல். அதிலுள்ள இரு வாவ்களில் ஒன்றே ஏட்டில் எழுதப்படுகிறது.