அர்பத்நாட் கம்பெனியும் அரசமரத்தடிப் பெண்ணும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் இல்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள்.) மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் எடுப்பது இவர்களின் பழைய வழக்கம். சமவெளியிலும் ஒரு காலத்தில் பல சாதிகளில் பரிசம்தான் இருந்தது. இங்கிலீஷ் படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் வந்த பிறகு, முதலில் பிராமணர் போன்ற படித்த சாதிகளில், மாப்பிள்ளைக்கு விலை ஏறியது. பணம் திசை மாறிப் பாய ஆரம்பித்தது.

அதனால் மலையில் பெண் ராணியாக இருந்தாள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பரிசமும் ஒரு விலைதான். ஆனால் யார் யாருக்குக் கொடுப்பது என்பது கடவுள் போட்ட சட்டம் அல்ல என்றாவது இதிலிருந்து தெரிகிறதே!

இப்படித் திசை மாறிய பணம் ஒரு பெண்ணை என்ன செய்தது என்பதைத்தான் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' சொல்கிறது. தமிழின் முதல் சிறுகதை இதுதானா, பாரதியின் 'ஆறில் ஒரு பங்கு' முந்தியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அது ஓயவும் வேண்டாம். 1915இல் 'விவேகபோதினி'யில் இக்கதை வந்தபோது ஆசிரியர் பெயராக இருந்தது ஐயரின் பெயர் அல்ல, அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயர். ஐயர் அப்போது பாண்டிச்சேரியில், பிரிட்டிஷ் போலீசின் கண்காணிப்பில் இருந்தார்.

கதையைச் சொல்வது ஒரு மரம். (தாகூரின் 1884ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் படித்துறை பேசும். ஐயர் அதை ஒட்டியே எழுதினார் என்பது பலரும் சொல்வதுதான்.) ருக்மிணி பணக்கார வீட்டுப் பெண். சிறுவயதிலேயே நாகராஜனுக்கு மணம் செய்து வைக்கிறார்கள். அவள் அப்பா காமேசுவரையர் தம் பணத்தை அர்பத்நாட் கம்பெனியில் வட்டிக்குப் போட்டிருக்கிறார். கம்பெனி திவாலாகிறது. அவ்வளவுதான், மாமியார் வீட்டின் முகம் மாறிவிடுகிறது. மருமகளை அழைப்பதில்லை. மகனுக்கு வேறு இடத்தில், பணமுள்ள வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.

அர்பத்நாட் கற்பனைப் பெயர் அல்ல. சென்னையின் மிகப் பெரிய ஆங்கிலேய வியாபார நிறுவனங்களில் ஒன்று. நல்ல வட்டி தருகிறது, நடத்துபவர் வெள்ளைக்காரர் என்ற நம்பிக்கையில் வக்கீல்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் சேமிப்பைக் கொட்டியிருந்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி அது கதவைச் சாத்தியது. லண்டன் பங்காளியான மெக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியதற்குக் காரணமும் இந்த அடிதான். வரலாற்றுப் புத்தகங்களில் இந்தத் திவால் இப்படி ஜெயிலிலும் புது வங்கியிலும் முடிகிறது. ஐயர் அதை ஒரு கிராமத்துக் குளம் வரைக்கும் கொண்டுபோகிறார்.

இதில் பணத்தாசை யாருக்கு? வட்டி ஆசை அப்பாவுக்கு. சீர் ஆசை மாமனார், மாமியாருக்கு. நாகராஜனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல் நடித்து, கடைசி நேரத்தில் பெற்றோரை ஏமாற்றிவிட்டு ருக்மிணியிடம் வந்துவிடலாம் என்பது அவன் திட்டம். அதை நண்பன் சீனிவாசனிடம் சொல்கிறான். ருக்மிணியிடம் மட்டும் சொல்லவில்லை! அரசமரத்தடியில் அவள் அவன் முன்னால் கலங்கி நிற்கும்போதுகூட, கவலைப்படாதே என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறான். அவள் குளத்தில் விழுந்து சாகிறாள். அவன் சந்நியாசி ஆகிறான். அவளைக் கொன்றது வரதட்சணை மட்டும்தானா? அவள் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு அவளைத் தவிர எல்லோரிடமும் நடந்ததே, அதற்குப் பங்கு இல்லையா?

உலகம் முழுக்கப் படிக்கப்படும் பணத்தாசைக் கதை மாப்பசான் 1884இல் எழுதிய 'நெக்லஸ்'. அதில் ஆசைப்படுபவளே பெண்தான். குமாஸ்தாவின் மனைவி மதில்டா ஒரு விருந்துக்காக இரவல் நகை வாங்கித் தொலைக்கிறாள். 36,000 பிராங்க் கொடுத்து வேறு நகை வாங்கித் திருப்பித் தந்துவிட்டு, அந்தக் கடனைப் பத்து வருஷம் உழைத்து அடைக்கிறாள். தொலைந்தது ஐந்நூறு பிராங்குக்கு மேல் பெறாத போலி நகை என்று பிறகு தெரிகிறது. படித்தவர்கள் 'பெண்ணின் பேராசை' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அழகைத் தவிர வேறு முதல் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சமூகம் என்ன வழி வைத்திருந்தது என்று மாப்பசான் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ருக்மிணிக்கோ அந்த ஆசைகூடக் கிடையாது. மற்றவர்கள் போடும் கணக்கில் அவள் வெறும் ஓர் எண்.

பெண் தன் கையால் காசைத் தொடும் கதை 1934இல் 'மணிக்கொடி'யில் வந்தது, புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்காவண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். அவள் இருட்டுச் சந்துக்குள் ஒருவனோடு போய்விட்டு வருகிறாள். கையில் முக்கால் ரூபாய். நகையும் சீரும் அந்தத் தெருவில் யாரும் பேசாத விஷயங்கள். கற்பு என்று பேச வருபவர்களைத்தான் புதுமைப்பித்தன் அங்கே வைத்துக் கேள்வி கேட்கிறார்.